வீட்டில் எத்தனை பேர்?

பாட்டாக், இலோகோஸ் நோர்த்தே, பிலிப்பைன்ஸ்
பிப்ரவரி 21, 1999

மதிப்பிற்குரிய எஸ்தெலா அக்கா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் காதில் விழுந்திருக்கலாம், அதுவும் நல்லவிதமாக விழுந்திருக்காது. நான் லுஸ்விமிண்டா. மிண்டா என்று கூப்பிடுவார்கள். போன வருஷம் ஜனவரியில் ஊருக்கு வந்திருந்த உங்கள் தம்பி ஃபெர்மினைக் கல்யாணம் செய்துகொண்டவள்.

உங்களிடம் சொல்லாமல் நடக்கிற கல்யாணம் என்பது எனக்கு மோதிரம் மாற்றிய பிறகுதான் தெரியும். கேட்டதற்கு, "அக்காவுக்கு அப்புறமா எழுதிக்கலாம்" என்றார். அந்த அப்புறம் அடுத்த வாரம் வந்துவிடும் என்று நம்பினேன். எட்டு மாதம் கழித்து அங்கே மாதா கோயிலில் யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிந்ததும், சண்டை வந்ததும், அவர் உங்கள் வீட்டை விட்டுப் போய் மீன் ஆலையின் தொழிலாளர் விடுதியில் தங்கியதும் பிறகு கேள்விப்பட்டேன்.

என்னை அமெரிக்காவுக்கு வரவழைக்க அவர் போட்ட மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் என்னை வைத்துக் காப்பாற்றுவேன் என்று அவர் ஒரு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதற்கு இவ்வளவு வருமானம் என்று ஒரு அளவு உண்டாம். அலாஸ்காவுக்கு அந்த அளவு மற்ற மாநிலங்களைவிடக் கூடுதலாம். இவருக்கு மீன் வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. போன வருஷம் மீன் சரியாக வரவில்லை. நிலையான சம்பளம் வாங்குகிற இன்னொருவர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள்.

அப்படி யாரும் இல்லை என்று போனில் சொன்னார். உங்கள் அக்கா இருக்கிறார்களே, போய்க் கேளுங்கள் என்றேன். "அக்காகிட்ட எதை வேணும்னாலும் கேக்கலாம் மிண்டா. அவ திருப்பிக் கேப்பா பாரு, அதுக்குத்தான் என்னால பதில் சொல்ல முடியாது" என்று போனை வைத்துவிட்டார்.

அதனால் நானே எழுதுகிறேன். எழுதுவது அவருக்குத் தெரியாது. கேட்க எனக்கு உரிமை இல்லை என்பது தெரிந்தே கேட்கிறேன்.

பணிவுடன்,
மிண்டா

---

கோடியாக், அலாஸ்கா
மார்ச் 15, 1999

மிண்டா,

கடிதம் கிடைத்தது. தபால் நிலையத்தில் நின்றபடியே படித்தேன். பின்னால் ஒருத்தர் "நகருங்கம்மா" என்றார். நகராமல் படித்தேன்.

நான் இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். நிலையான சம்பளம்தான், நீ சரியாகத்தான் ஆளைப் பிடித்திருக்கிறாய். ஆனால் கையெழுத்துப் போடுவது என்றால் என்ன என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. மாதம் ஒருமுறை ஆங்கரேஜ் நகரத்திலிருந்து ஒரு வக்கீலம்மா கோயில் கூடத்துக்கு வருவார். போய் விசாரித்தேன். நீ இந்த ஊர்க் குடியுரிமை வாங்கும்வரை, அல்லது பத்து வருஷம் உழைத்து முடிக்கும்வரை, அல்லது ஊருக்கே திரும்பிப் போகும்வரை என் கையெழுத்து உன்னைத் தாங்கியாக வேண்டும். நடுவில் நீயும் அவனும் பிரிந்தால்கூட. "புருஷன் விட்டாலும் நான் விட முடியாதா?" என்று கேட்டேன். முடியாது என்றார்.

நம் ஊரில் கல்யாணத்துக்கு விவாகரத்து கிடையாது. இந்த ஊரில் கையெழுத்துக்குக் கிடையாது. ஆக, அவன் உன்னைக் கட்டியதைவிட இறுக்கமாக நான் உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெண் பார்க்காமல் எப்படிச் சம்மதிப்பது?

அதனால் கேட்கிறேன். என் தம்பியை எங்கே பிடித்தாய்? அவனிடம் என்ன கண்டாய்? பிழைப்புக்கு என்ன செய்கிறாய், வீட்டில் யார் யார், கோபம் வந்தால் என்ன செய்வாய்? சமைக்கத் தெரியுமா என்று கேட்கமாட்டேன், எனக்குத் தெரியும். பொய் மட்டும் எழுதாதே. நீயும் என்னை என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பேசினால்தானே சொல்வதற்கு.

எஸ்தெலா

---

பாட்டாக்
ஏப்ரல் 6, 1999

அன்புள்ள அக்கா,

திட்டி எழுதுவீர்கள் என்று நினைத்தேன். கேள்வி கேட்டிருக்கிறீர்கள். திட்டுக்குப் பதில் எழுதுவது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் இங்கே சதுக்கத்தில் சாயங்காலம் எம்பனாடா கடை போடுகிறேன். அரிசி மாவைத் தட்டி, உள்ளே பப்பாளித் துருவலும் தொத்திறைச்சியும் முட்டையும் வைத்து மடித்து, எண்ணெயில் போட்டு எடுத்தால் ஆயிற்று. உங்கள் தம்பி வந்து, முட்டை உடையாமல் வேண்டும் என்று கேட்டார். கடித்தால் உடையத்தானே போகிறது என்றேன். "நான் உடைச்சா பரவாயில்லை" என்றார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். "தினமும் இங்கயே சாப்பிட்டா உங்க வீட்டு அடுப்பு அணைஞ்சு போயிடும்" என்று சொன்னேன். "அடுப்பு இருக்கு. பேசத்தான் ஆளில்ல" என்றார். அவரிடம் என்ன கண்டேன் என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் சூடு இல்லை, உப்பு இல்லை என்று சொல்வார்கள். ஆளில்லை என்று யாரும் சொன்னதில்லை.

சேர்ந்து வாழ்ந்தது ஒன்றரை மாதம்தான். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். பொய் சொல்லும்போது காதைச் சொறிவார். நாய் என்றால் தெருவையே மாற்றுவார். தெரியாததுதான் அதிகம். உடம்புக்கு முடியாவிட்டால் எப்படி இருப்பார்? வேலை இல்லாத நாளில் என்ன செய்வார்? சின்னப் பிள்ளையாக எப்படி இருந்தார்? நீங்கள் தூக்கி வளர்த்தவர் என்று பசிட்டா சொன்னாள். உங்கள் சித்தி மகள் பசிட்டாதான், முகவரி கொடுத்தவளும் அவள்தான்.

கோபம் வந்தால் பேசமாட்டேன். வீட்டில் நானும் தங்கச்சி ஜெனலினும். ஒன்பது வயது. அம்மா போன பிறகு நாங்கள் இருவர்தான். எனக்காவது கோபம் வந்தால்தான் வாய் மூடும், அவளுக்கு எப்போதுமே பேச்சு குறைவு.

மிண்டா

---

கோடியாக்
மே 2, 1999

மிண்டா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். காது சொறிவது இன்னும் போகவில்லையா?

உடம்புக்கு முடியாவிட்டால் சாகப்போகிறவன் மாதிரி படுப்பான், கஞ்சி வந்ததும் எழுந்து உட்காருவான். வேலை இல்லாத நாளில் துறைமுகத்தில் நின்று அடுத்தவன் படகுக்கு யோசனை சொல்வான். சின்ன வயசில் சண்டையே போடமாட்டான். அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொள்ளாதே. சண்டை வரும்போலத் தெரிந்தால் ஆள் இருக்கமாட்டான். ஒருமுறை அப்பாவின் கடிகாரத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு மூன்று ஊர் தள்ளி மாமா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். அடிக்க இருந்த அப்பாவே தேடிப் போய், கெஞ்சிக் கூட்டி வந்தார். போன வாரம் மளிகைக் கடையில் என்னைப் பார்த்துவிட்டுச் சோப்பு அடுக்குக்குப் பின்னால் நின்றான். முப்பத்தாறு வயசு. தொப்பி மேலே தெரிந்தது. நானும் பார்க்காத மாதிரி அரிசி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சரி, கையெழுத்துப் போடுகிறேன். இந்தப் பத்திரத்தில் முக்கியமான கேள்வியே எத்தனை பேர் என்பதுதான். தலை கூடக் கூட வருமான அளவும் கூடும். நான் ஒருத்தி, நீ ஒருத்தி. இரண்டு பேருக்கு என் சம்பளம் போதும்.

ஆனால் ஒன்று கேட்கணும். உன் தங்கச்சியை யாரிடம் விட்டுவிட்டு வருவாய்? ஒன்பது வயசுப் பிள்ளை, வேறு யாரும் இல்லை என்று நீயே சொல்கிறாய். மூன்று பக்கம் எழுதியவள் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பஸ் ஓட்டுகிறவளுக்குப் பிள்ளையை எண்ணாமல் வண்டியை எடுக்க வராது.

எஸ்தெலா

---

பாட்டாக்
ஜூன் 1, 1999

அக்கா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் பொய் எழுதாதே என்றீர்கள். நான் எழுதியிருக்கிறேன்.

ஜெனலின் என் தங்கச்சி இல்லை. நான் பெற்றவள்.

லாவோக் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பிறந்தாள். எனக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய அப்பன் ஜெட்டாவுக்கு வேலைக்குப் போனான், போய்ச் சேர்ந்தேன் என்றுகூட எழுதவில்லை. அம்மாதான், "எனக்குப் பொறந்ததுன்னு சொல்லிக்கலாம். யாரு வந்து பாக்கப் போறா" என்று இருந்த ஊரை விட்டே எங்களை இந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிறப்புச் சான்றிதழில் மட்டும் என் பெயர்தான் இருக்கிறது. பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்த கன்யாஸ்திரீ ஒருத்தர் உள்ளதைத்தான் எழுதுவேன் என்று எழுதிவிட்டார்.

அம்மா சாகும் முன்னால் பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். ஆகவே ஜெனலினுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் வீட்டுக்குள்ளேகூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். நானும் மாற்றச் சொல்லவில்லை.

ஃபெர்மினுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பிறகு அவர் விமானம் ஏறிவிட்டார். போய்ச் சேர்ந்து, நிலைத்து, அப்புறம் எப்படியாவது அவளை வரவழைக்கலாம் என்று எண்ணினேன். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

கையெழுத்து வேண்டாம் என்றால் புரிந்துகொள்வேன்.

மிண்டா

---

கோடியாக்
ஜூலை 9, 1999

மிண்டா,

தாமதத்துக்குக் காரணம் உண்டு. ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் வக்கீலம்மா வரும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

உன் மகளும் வரலாம். நீ ஃபெர்மினைக் கட்டியதால் சட்டப்படி அவள் அவனுக்கும் பிள்ளைதான், தனியாக ஒரு மனு போட வேண்டும். ஆனால் இப்போது மறைத்துவிட்டுப் பிறகு கொண்டுவரலாம் என்ற உன் யோசனை நடக்காது. ஒரு பத்திரத்தில் பிள்ளை இல்லை என்று எழுதிவிட்டு அடுத்ததில் உண்டு என்று எழுதினால் இரண்டையும் நம்பமாட்டார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. பிள்ளையோடு மூன்று தலை ஆகிறது. மூன்றுக்கு என் சம்பளம் தனியாகப் போதாது. அவனுடையதும் போதாது. ஒரே ஒரு வழி இருக்கிறது. நானும் அவனும் ஒரே வீட்டில் ஆறு மாதம் சேர்ந்து குடியிருந்தால் இரண்டு வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டிக்கொள்ளலாமாம். அரசாங்கத்துக்கு எங்கள் சண்டை தெரியாது.

நேற்று விடுதிக்குப் போனேன். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்து, "யாரு செத்தா?" என்றான். "யாரும் சாகல. பெட்டியக் கட்டு" என்றேன். நீ எனக்கு எழுதியதைச் சொன்னேன். "மிண்டாவா? உனக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிள்ளை விஷயத்தைச் சொல்லவில்லை. வண்டியில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்த்தால், ஏன் சொல்லாமல் கல்யாணம் செய்தாய் என்று நான் கேட்டுவிடுவேனோ என்ற பயம். நான் கேட்கவில்லை. நான் கேட்காமல் இருந்ததில் அவன் இன்னும் பயந்துவிட்டான்.

இப்போது உன் பங்கு. நீ அவனிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன். கேட்டுவிட்டு ஓடினால் ஓடட்டும். அவனை ஏமாளியாக நிறுத்தி வைத்து அதன் கீழே என் பெயரை எழுதமாட்டேன்.

எஸ்தெலா

---

பாட்டாக்
ஆகஸ்ட் 3, 1999

அக்கா,

அவருக்கு எழுதிவிட்டேன். அதுவும் இதுவும் ஒரே நாளில் தபாலில் போடுகிறேன், ஒரே பையில் வந்து சேரும்.

ஜெனலின் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருக்கு எழுதுறே?" என்றாள். அவருக்கு, உன்னைப் பற்றி என்றேன். "எல்லாமா?" என்று கேட்டாள். எல்லாம் என்றேன். போய் முகம் கழுவி, தலை வாரி, நல்ல கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவர் நாளைக்கே வந்து நிற்கப் போகிறார் என்பது போல.

அவர் ஓடினாலும் எழுதுங்கள். என்ன செய்தார், என்ன சொன்னார், எதையும் விடவேண்டாம். கெட்டதாக இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.

மிண்டா

---

கோடியாக்
செப்டம்பர் 5, 1999

மிண்டா,

கெட்டதை முதலில் எழுதச் சொன்னாய். உன் கடிதத்தைச் சமையலறையில் உட்கார்ந்து படித்தான், இன்னொரு தரம் படித்தான், கோட்டை மாட்டிக்கொண்டு போனான். இரண்டு நாள் வரவில்லை. ஓடிவிட்டான் என்றே முடிவு செய்தேன். பெட்டி அறையில் இருந்தது. ஆனால் சின்ன வயசிலும் அவன் எதையும் எடுத்துக்கொண்டு ஓடியதில்லை.

மூன்றாம் நாள் நான் வேலை முடிந்து வந்தபோது வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். சாவி பையில் இருக்கிறது, உள்ளே போகவில்லை. ஆலையில் அடுத்தடுத்து ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவன்மேல் மீன் வாடை தாங்கவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றேன்.

"எல்லாரும் சேர்ந்து என்கிட்ட மறைச்சிருக்கீங்க."

"நீ ஒரு கல்யாணத்தையே என்கிட்ட மறைச்சவன்டா" என்றேன். இத்தனை மாதமாக வாயில் வைத்திருந்தது, கேள்வியாகக் கேட்க நினைத்தது, அப்படி வந்து விழுந்தது. அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே வேறு ஒன்று கேட்டான்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா, தன் அம்மா யாருன்னு?"

"தெரியும். பாட்டி செத்ததிலேர்ந்து தெரியும்."

அதுவரை சரியாகத்தான் இருந்தான் மிண்டா. அப்புறம் முகம் மாறிவிட்டது. "அப்போ நான் அங்க இருந்த அத்தனை நாளும் தெரிஞ்சேதான் அக்கா, அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா. என்னைப் பாத்துப் பயந்துக்கிட்டுத்தானே. நான் வேற அவளைப் பாத்து, உங்க அக்காவைத் தூக்கிக்கிட்டுப் போயிடப் போறேன்னு தினமும் கேலி பண்ணினேன்" என்றான். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

சாப்பிடும்போது சொன்னான்: "நான் கோவமாத்தான் இருக்கேன்னு அவளுக்கு எழுது. வந்ததும் பேசிக்கிறேன்னு எழுது." வந்ததும் என்றால் வரச் சொல்கிறாயா என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பேரையும்" என்றான்.

சொன்னபடி எழுதிவிட்டேன். பிள்ளைக்கு மனு போடக் காகிதங்கள் வேண்டும். அந்தக் கன்யாஸ்திரீ எழுதிய சான்றிதழைக் கசங்காமல் அனுப்பு.

எஸ்தெலா

---

கோடியாக்
ஜனவரி 16, 2000

மிண்டா,

ஆறு மாதம் முடிந்து பத்திரம் போய்விட்டது. வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் அவன் நான்கு என்று எழுதினான். எழுதிவிட்டு என்னைப் பார்த்தான், நான் கணக்குச் சரிதான் என்றேன்.

உன் புருஷனைப் பற்றி நீ கேட்காததையும் சொல்கிறேன். கணப்புமேல் மீனைக் காயப்போடுகிறான். பாட்டுப் பாடிக்கொண்டு பனி அள்ளுகிறான், பாட்டு நின்றால் அள்ளுவதும் நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் அட்டை தீரும்வரை அவன் உன்னோடு பேசுவதைவிட அந்தப் பிள்ளையோடு பேசுவது அதிகம் என்று நினைக்கிறேன். அவள் அந்தப் பக்கம் பதில் சொல்கிறாளா, இல்லை இவனே இரண்டு பக்கமும் பேசுகிறானா என்று தெரியவில்லை. நீ சொல்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். ஆறு மாதம் முடிந்த மறுநாள் காலை சீக்கிரமே எழுந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். சட்டம் சொன்னது முடிந்துவிட்டது, பெட்டியோடு வருவான், அப்போது நான் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்று. வந்தான். அலமாரியைத் திறந்து பார்த்தான். "ரொட்டி தீந்து போச்சு. வரும்போது வாங்கிட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

இரண்டு ரொட்டி வாங்கி வந்தேன்.

எஸ்தெலா

---

மணிலா
ஏப்ரல் 12, 2000

அன்புள்ள அக்கா,

விசா கிடைத்துவிட்டது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீங்கள் நின்றுகொண்டே படிப்பீர்கள்.

காலையில் தூதரகத்தில் வரிசையில் நின்றோம். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அதிகாரி அம்மாள், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு நம் ஊர்ப் பெண். முதலில் பத்திரத்தைத்தான் பார்த்தார்கள். எஸ்தெலா என்பவர் யார், அவரைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்கள். பார்த்ததில்லை என்றேன். பார்க்காத ஆளுக்கு ஏன் பொறுப்பேற்கிறார் என்று கேட்டார்கள். "நிறையக் கேள்வி கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார்.

பிறகு ஜெனலினிடம், இவங்க உனக்கு என்ன வேணும் என்று கேட்டார்கள். நாங்கள் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தோம். இவள் நேராகப் பார்த்து "அக்கா" என்றாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தேன், நீங்கள் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார்கள். ஜெனலின் என்னையும் அவர்களையும் பார்த்தாள். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை:

"வாய்ப்பழக்கம். சின்னதிலேர்ந்து அக்கான்னுதான் கூப்பிடச் சொன்னாங்க. என்னைப் பெத்தது இவங்கதான். இனிமே அம்மான்னு கூப்பிடுன்னு அப்பா சொல்லியிருக்காரு, இன்னும் வரல."

எந்த அப்பா என்று கேட்டார்கள். "கோடியாக்ல இருக்காரே, அவரு. ஞாயித்துக்கிழமை பேசுவாரு" என்றாள். மொழிபெயர்த்த பெண் அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

போனில் யார் பேசுகிறார்கள் என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியாது அக்கா. ஒவ்வொரு ஞாயிறும் போனை எடுத்துக்கொண்டு ஒயர் போகும் தூரம் போய்த் திரும்பி நின்றுகொள்வாள். "ம்" தவிர எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. அப்பா என்ற வார்த்தை அவள் வாயில் எப்போது வந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னால் அவருக்கு வந்துவிட்டது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவர் கோபமாக இருக்கிறேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மே மாதம் பத்தாம் தேதி புறப்படுகிறோம். அவரிடம் நாளைக்கு நானே போனில் சொல்கிறேன், நீங்கள் முந்திக்கொள்ள முடியாது, இந்தக் கடிதம் மெதுவாகத்தான் வரும்.

வெளியே வந்து தெருவோரக் கடையில் உட்கார்ந்தோம். காலையிலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. கடைக்காரம்மா கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டே, "முகம் அப்படியே இருக்கே, தங்கச்சியா?" என்று என்னைக் கேட்டார். இத்தனை வருஷம் சொன்ன பதில்தானே, தலை தானாக ஆடப் போயிற்று. அதற்குள் ஜெனலின் கரண்டியை எடுத்துக்கொண்டு, "பொண்ணு" என்றாள்.

கடைக்காரம்மாவுக்கு அது ஒரு விஷயமே இல்லை, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கஞ்சியைக் குடித்து முடித்தோம். அவள் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள்.

மிண்டா